எறும்புக்குப் பிள்ளைபெத்த மருந்து கொடுத்தது

1

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிற நம்ம பெண்டுகளுக்குப் பினாங்கிலிருந்து ஆமினா எழுதிக்கொள்வது. நான் சுகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடை வைத்திருந்த ராவுத்தரின் மூத்த மகள் நான். ராஜபாளையத்தில் வாக்கப்பட்டு, வீட்டுக்காரர் வியாபாரத்துக்காகக் கப்பலேறி, இந்தக் கார்த்திகையோடு இங்கே இருபத்திரண்டு வருசம் ஆகிறது. அவிய மவுத்தாகி அடக்கமாகி ஏழு வருசம் ஆச்சு.

மூணாங் கிளாசு வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேலே பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று அத்தா நிறுத்திவிட்டார்கள். அந்த மூணு வருசப் படிப்புதான் இன்றைக்கும் எனக்கு வாய். நேரில் நாலு பேர் கூடினால் தொண்டை அடைச்சுக்கும். கையில் பேனாவைக் கொடுத்தால் நிறுத்தத் தெரியாது.

ஊரிலிருந்து வருகிற கடுதாசியில் எல்லாம் ஒரே கேள்வி. "பினாங்கில் பொழுது எப்படிப் போவுது?" சோறாக்குறேன், தொழுவுறேன், மழையைப் பார்க்கிறேன் என்று இத்தனை வருசமும் எழுதிவிட்டேன். இந்த வருசம் எழுத வேறே இருக்கிறது. மூணு மாசமாக ஓர் எறும்புக்குப் பிரசவம் பார்த்தேன். சிரிக்காதிய. முழுசாகப் படிச்சிட்டுச் சிரிங்க.

2

என் மகன் சாகுல் இங்கே காடுகளைப் பார்க்கிற கச்சேரியில் குமாஸ்தா. "என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போலே" என்று கேட்க ஆரம்பிச்சு மூணு வருசம். அவன் துணை இல்லாமல் நான் கப்பல் ஏற முடியாது. அவனுக்கு லீவு வேணும். லீவுக்கு அவன் துரை கையெழுத்துப் போடணும். "பார்க்கலாம்" என்று ரெண்டு தடவை அந்தத் துரை கடுதாசியை மேசைக்குள்ளே போட்டுப் பூட்டிவிட்டார்.

மூணாவது தடவையாகச் சாகுல் வீட்டில் உட்கார்ந்து லீவுக் கடுதாசி எழுதினான். கூட வருகிறவர் வயசு என்ன என்று அதில் ஒரு கேள்வி.

"அம்மா, நீ எந்த வருசம் பிறந்தே?"

"கண்மாய் உடைஞ்ச வருசம்."

"எந்தக் கண்மாய்? எந்த வருசம்?"

"அதான் சொன்னேனேலே, உடைஞ்ச கண்மாய். அது உடைஞ்ச வருசம்."

அவன் என் முகத்தைச் செத்த நேரம் பார்த்துவிட்டு அறுபத்தொண்ணு என்று எழுதினான். அந்த ஒண்ணு எந்த இடத்தில் தெரிந்தது என்று நான் இன்னும் கண்ணாடியில் தேடுகிறேன்.

அடுத்தது, லீவுக்குக் காரணம் என்ன என்ற கேள்வி.

"சண்டைன்னு போடு."

"அம்மா!"

"உண்மையத்தானே சொல்லுதேன்."

அவன் இங்கிலீசில் 'குடும்ப காரியம்' என்று போட்டுக்கொண்டான். ஆனால் சண்டைதான் காரணம். என் தங்கச்சி கதீசா ராஜபாளையத்தில்தான் இருக்கிறாள். நாங்கள் கப்பலேறப் புறப்பட்ட அன்றைக்கு அவள் வீட்டு வாசலிலிருந்துதான் வண்டி கிளம்பியது. நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறாள் அவள். நான் பார்த்தேன். கண்மாய்த் திருப்பம் வரைக்கும் பார்த்தேன். வாசலில் நிற்காமல் கோழியைத் துரத்திக்கொண்டு சந்துக்குள்ளே ஓடினது அவள்தான். இதில் யார் சொல்லுவது சரி என்று இருபத்திரண்டு வருசமாகக் கடுதாசியிலேயே சண்டை போட்டு வருகிறோம்.

கடுதாசியில் சண்டை போடுவது போல அலுப்பு வேறு கிடையாது. நான் கோபமாக எழுதினது போய்ச் சேர ஒரு மாசம், பதில் வர ஒரு மாசம். அதுக்குள்ளே எனக்குக் கோபம் ஆறிப் போயிருக்கும். பதிலைப் படிச்சதும் மறுபடி பத்திக்கும். அதோடு கதீசாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற வாத்தியார் ஒருத்தர்தான் எழுதிக் கொடுக்கிறார். மரியாதை தெரிந்த மனுசர். "மகா கனம் பொருந்திய அக்காள் அவர்களுக்கு அநேக சலாம். தாங்கள் ஒரு கல்நெஞ்சுக்காரி என்று தங்கை தெரிவிக்கச் சொல்லுகிறாள்" என்று எழுதுவார். இதுக்கு எப்படிக் கோபப்படுவது?

போன சித்திரையில் வந்த கடுதாசி வேறே மாதிரி இருந்தது. "தங்கைக்கு ஒரு கண்ணில் புரை மூடிவிட்டது. மறு கண்ணிலும் பாதி மறைக்கிறது. தாங்கள் வருவதானால், முகம் தெரிகிறபோதே வந்து சண்டையை முடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறாள்." அந்தக் கடுதாசிக்கு நான் பதில் எழுதவில்லை. நேரில் போவதென்று வைத்துக்கொண்டேன்.

3

ஆவணி மாசம் ஒரு சாயங்காலம் சாகுல் கச்சேரியிலிருந்து வந்தான். பால் செம்பு தளும்பாமல் நடக்கிற மாதிரி ஒரு நடை. ரெண்டு கைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் குழல் இருந்தது. விரல் நீளம், விரல் கனம். அடியில் தண்ணி, தண்ணியை மறித்துப் பஞ்சு. பஞ்சுக்கு இந்தப் பக்கம் ஒரு கருப்பு எறும்பு. குழலின் வாயிலும் பஞ்சு.

"என்னலே இது, மருந்தா?"

"ராணி எறும்பும்மா. துரை பிடிச்சு நாலு நாள்தான் ஆவுது."

மற்ற துரைமார் புலி சுடுவார்கள். இந்தத் துரை மண்டி போட்டு எறும்பு பார்ப்பாராம். மூணு மாசம் காட்டுக்குள்ளே சுற்றப் போகிறார். கச்சேரியில் வைத்தால் பெருக்குகிறவன் வாரிக் கொட்டிவிடுவான் என்று சாகுலிடம் ஒப்படைத்திருக்கிறார். எப்படிப் பார்த்துக்கொள்ளணும் என்று ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்திருந்தார். கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி சாகுல் அதை நின்றுகொண்டே வாசித்தான். இருட்டில் வைக்கணும். ஆட்டக்கூடாது. பஞ்சைத் திறக்கக்கூடாது. ஏழு நாளைக்கு ஒரு தடவைதான் பார்க்கணும். தின்ன ஒண்ணும் கொடுக்கக்கூடாது.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"எம்புட்டு நாளைக்கு?"

"முட்டையிட்டு, அது புழுவாகி, கூடு கட்டி, முதல் எறும்பு வெளியே வார வரைக்கும். ஒண்ணரை மாசம் ஆவும்."

"அது வரைக்கும் அது என்னத்தத் திங்கும்?"

அப்போதுதான் அவன் குழலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். எறும்பின் முதுகு, மூட்டை தூக்குகிறவன் தோள் மாதிரித் திரண்டு இருந்தது. இந்தச் சாதியில் ராணிக்குப் பிறக்கிறபோது நாலு றெக்கை உண்டாம். ஒரே ஒரு நாள் பறந்து, நிக்காவை ஆகாயத்திலேயே முடித்துக்கொண்டு, கீழே இறங்கினதும் றெக்கையைத் தானே ஒடிச்சுப் போட்டுவிடுமாம். பறக்கிறதுக்கு என்று முதுகில் வைத்திருந்த சதை கரைந்து அதுக்குத் தீனியாகும். பிள்ளைகளுக்கும் அதுதான் தீனி. றெக்கை இருந்த இடத்தில் நாலு தழும்பு தெரிந்தது.

"இனிமே பறக்கவே பறக்காதா?"

"எங்க பறக்க? ஒரு குழிக்குள்ள இறங்குச்சுன்னா அதோட அம்புட்டுத்தான்."

கப்பலை விட்டு இறங்கின பொறவு நான் மட்டும் என்ன பறந்தேன்.

"அம்மா, இது நல்லா இருந்தா துரை வந்த அன்னைக்கே லீவுல கையெழுத்து விழும்" என்றான் சாகுல். "செத்துப் போச்சுன்னு வை..." மிச்சத்தைக் கையால் காட்டினான். விரித்த கையைக் கவிழ்த்தான்.

4

என் மருமகள் சைனம்பு இங்கேயே பிறந்தவள். தமிழும் மலாயும் ஒரே பானையில் கொதிக்கிற பேச்சு. நம்ம ஊரை அவள் பார்த்ததில்லை. அவளைக் கேட்டால் அது கொதிக்கிற வெயில், ஆழக் கிணறு, ஆளுக்கு ஒரு குறை சொல்லுகிற நூறு மாமியார். "நான் வரலை மாமி, நீங்க போய்ட்டு வாங்க" என்று மூணு வருசமாகச் சொல்லுகிறாள். இந்த ஒரு விசயத்தில் சாகுலும் அவள் பக்கம்தான். அவனுக்கு ராஜபாளையம் என்றால் பத்து வயசில் விட்டுவந்த ஒரு நாய் மட்டும்தான் ஞாபகம்.

குழலைக் கருப்புத் துணியில் சுற்றி என் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஏழாம் நாள் நானும் சைனம்புவும் பார்த்தோம். கசகசா மாதிரி அஞ்சு முட்டை. ராணி அதுகளை ஒண்ணாகக் கூட்டி வைத்து நக்கிக்கொண்டு நின்றது. அதன் வயிறு எனக்கு ஒட்டிப்போன மாதிரித் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒண்ணு சொல்லணும். இந்தத் தெருவில் எந்தத் தமிழ்ப் பெண் பிள்ளை பெற்றாலும் மூணாம் நாள் மருந்து என் கைதான். சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, கருப்பட்டி. எல்லாத்தையும் இரும்புச் சட்டியில் போட்டு நல்லெண்ணெய் விட்டுக் கிண்டி, எண்ணெய் பிரிந்து வரும்போது இறக்கணும். வாயில்லாத எனக்குப் பினாங்கில் ஒரு பேர் இருக்கிறதென்றால் அது இந்த மருந்தால்தான். பிள்ளை பெத்தவளுக்கு இதைக் கொடுக்காமல் விட்ட வீட்டை நம்ம பக்கத்தில் வீடு என்றே சொல்ல மாட்டோம். என் வீட்டில், என் பெட்டிக்குப் பின்னால், ஒருத்தி பச்சைத் தண்ணியோடு கிடக்கிறாள். எனக்குச் சோறு இறங்குமா?

இன்னும் அஞ்சாறு நாள் பொறுத்தேன். பதிமூணாம் நாள் மனசு கேட்கவில்லை. ஜாடியிலிருந்து கடுகளவு மருந்து எடுத்து, பஞ்சைத் திறந்து, ஈர்க்குச்சி நுனியால் உள்ளே வைத்து மூடினேன். பிஸ்மில்லா சொல்லித்தான் வைத்தேன். ராணி மருந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன். நிம்மதியாகப் போய் வெற்றிலை போட்டேன்.

மறுநாள் காலையில் சைனம்பு கூப்பிட்டாள்.

"மாமி, எறும்பு ஏன் மல்லாக்கப் படுத்திருக்கு?"

"மருந்து சாப்பிட்டா தூக்கம் வரும் தாயி."

"ஆறு காலும் மேல இருக்கு மாமி."

போய்ப் பார்த்தேன். மருந்திலிருந்த எண்ணெய் கண்ணாடி முழுக்கப் படர்ந்திருந்தது. எறும்புக்கு வயிற்றுப் பக்கம்தான் மூச்சு என்று இப்போது தெரியும், அன்றைக்குத் தெரியாது. முட்டை அஞ்சும் எண்ணெயில் மிதந்தது. எறும்பைத் தெரிந்து கொல்லக்கூடாது என்று எனக்கு ஓதிக் கொடுத்த லெப்பை சொல்லுவார். நான் தெரிந்து கொல்லவில்லை. பத்தியம் பார்த்துக் கொன்றேன்.

5

அதை முற்றத்து ரம்புத்தான் மரத்தடியில் புதைத்தோம். சைனம்பு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அவள் தானாக என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"மாமி, அவுககிட்டச் சொல்லிரலாமா?"

"ஏட்டி, சொன்னா அவன் துரைகிட்டச் சொல்லணும். துரை மறுபடி மேசையப் பூட்டுவாரு. கதீசா கண்ணுல மிச்ச பாதியும் மூடிரும்."

"அப்ப என்ன செய்ய?"

"மழை வரட்டும்."

மழை வரும் வரைக்கும் வெறும் குழலைக் கருப்புத் துணியில் சுற்றிக் காவல் காத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் சாகுல் கேட்பான், "எப்படிம்மா இருக்கு?" என்று. "அமைதியா இருக்குலே" என்பேன். அதில் பொய் இல்லை. ஒரு நாள் துணியைத் தொடப் போனான். "பிள்ளை பெறுற இடத்துல ஆம்பளைக்கு என்னலே வேலை?" என்று ஒரு போடு போட்டேன். காது மடல் சிவந்துபோய் வெளியே போனான். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

புரட்டாசியில் மழை பிடித்தது. முதல் மழை விட்ட சாயங்காலம் சைனம்பு ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு ஓடி வந்தாள். "மாமி! அம்பது ராணி!"

பார்த்தேன். ஈசல். நம்ம ஊரில் மலையில் மழை இறங்கினால் கண்மாய்க்கரைப் புற்றிலிருந்து புகை மாதிரிக் கிளம்புமே, அதே ஈசல். நம்ம வீடுகளில் அதைத் தின்கிறதில்லை. ஆனால் அடுத்த தெருவில் அரிசியோடு பொரிக்கிற வாசம் வந்தால் நானும் கதீசாவும் சுவரோரம் போய் நின்று மூச்சை இழுப்போம். அதை நினைத்துச் செத்த நேரம் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

"மாமி, ராணியா இல்லையா?"

செத்துப்போன ராணியை நான் அம்புட்டு நேரம் பார்த்திருக்கிறேன் என்பதால் எனக்கு அடையாளம் படிந்துவிட்டது. சைனம்புவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். ஈசலுக்கு இடுப்பே கிடையாது, ஒரே உருளை. எறும்புக்கு நூல் போட்டு இறுக்கின மாதிரி இடுப்பு உண்டு. ஈசலின் மீசை பாசிமணி கோத்தது போல நேராக நிற்கும். எறும்பு மீசை நம்ம முழங்கை மாதிரி மடங்கும். ஈசலுக்கு நாலு றெக்கையும் ஒரே நீளம். எறும்புக்கு முன்னால் ரெண்டும் பெரிசு, பின்னால் ரெண்டும் சின்னது.

ரெண்டாவது மழையில் இடுப்பு உள்ளதாக ரெண்டு கிடைத்தது. தலை சின்னது, உடம்பு ஒல்லி, றெக்கை மட்டும் அழகு. ஒரு கிண்ணத்தில் போட்டுத் துணி கட்டி வைத்தோம். மூணாம் நாள் ரெண்டும் செத்துக் கிடந்தது.

"என்ன மாமி, நான் ஒண்ணுமே கொடுக்கலையே?"

"இது மாப்பிள்ளைமார் தாயி. இதுகளுக்குக் கல்யாணத்தோட வேலை முடிஞ்சுது."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது.

அதுக்கு அடுத்த மழையில்தான் ராணி வந்தாள். துவைக்கிற கல்லின் மேல், தலை பெரிசாக, முதுகு திரண்டு, வயிறு கனத்து, ஓடுவதும் நிற்பதுமாக இருந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னங்காலைத் தூக்கி றெக்கையை அழுத்தினாள். ஒண்ணு விழுந்தது. பொறவு இன்னொண்ணு. வளையல் கழற்றுகிற மாதிரி நாலையும் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள்.

"மாமி, துரையோடது கருப்பு. இது செவப்பு."

"துரைக்கு நிறமெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"எறும்பு பாக்க மண்டி போடுறவருக்கா?"

அதுவும் சரிதான். ஆனால் ரம்புத்தான் மரத்தடியில் இருக்கிறதை எழுப்பவா முடியும்? "பிடி" என்றேன்.

6

குழலைச் சீயக்காய் போட்டு வெந்நீரில் மூணு தடவை கழுவினோம். எண்ணெய் வாசம் போச்சா என்று சைனம்பு மோந்து பார்த்தாள், நான் மோந்து பார்த்தேன். புதுத் தண்ணி, புதுப் பஞ்சு. உள்ளே விட்டதும் ராணி செத்த நேரம் ஓடிவிட்டுப் பஞ்சின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள்.

இந்தத் தடவை நான் ஒண்ணும் கொடுக்கவில்லை. மருந்து ஜாடியைச் சைனம்பு எடுத்துப்போய் எங்கேயோ ஒளித்துவிட்டாள். கடைசி வரைக்கும் எங்கே என்று சொல்லவில்லை.

எறும்பை வளர்க்கிறதில் கஷ்டமான வேலை வளர்க்காமல் இருக்கிறதுதான். நமக்கு அது பழக்கம் இல்லை. பச்சை உடம்புக்காரி வீட்டில் நாம என்ன செய்வோம்? வெந்நீர் போட்டியா, சாப்பிட்டியா, ஏன் சாப்பிடலை என்று மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்போம். இவளை எட்டிப் பார்த்தால் பயந்துபோய்த் தன் முட்டையைத் தானே தின்றுவிடுவாளாம். யாரும் பார்க்கிறார்கள் என்றாலே கையும் ஓடாமல் காலும் ஓடாமல் போகிறது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால் அவளைப் பார்க்கவில்லை. டிரங்குப் பெட்டிக்கு இந்தப் பக்கம் பாயைப் போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பேன். அவள் அந்தப் பக்கம். ரெண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் நல்ல சிநேகிதம்.

வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு நிமிசம் மட்டும் பார்த்தோம். முட்டை ஏழு ஆச்சு, பத்து ஆச்சு. பொறவு புழு. பொறவு பழுப்பு நிறத்தில் அரிசிக் குருணை மாதிரிக் கூடு. நாற்பதாம் நாள், நம்ம கணக்கில் பிள்ளை பெத்தவள் தலை முழுகி எழுந்திருக்கிற அதே நாள், துணியை விலக்கினால் ராணிக்குப் பக்கத்தில் வெளுத்துப்போன ஒரு பொடி எறும்பு நிற்கிறது. காலை ஊன்றத் தெரியாமல் தள்ளாடுகிறது.

சைனம்பு என் தோளில் அடித்தாள். நான் அவள் தோளில் அடித்தேன். அன்றைக்குத்தான் முதல் தீனி கொடுத்தோம். சீனித் தண்ணி ஒரு சொட்டு, சைனம்பு அடித்த கொசு ஒண்ணு. எண்ணெய் இல்லை.

7

துரை கார்த்திகையில் திரும்பினார். எறும்பை வாங்கிப் போக அவரே வீட்டுக்கு வந்தார். நானும் சைனம்புவும் உள் வாசல் திரைக்குப் பின்னால் நின்றோம். சாகுல் குழலை எடுத்துப்போய்த் துணியை அவிழ்த்தான். அவனும் அன்றைக்குத்தான் மூணு மாசத்துக்கப்புறம் பார்க்கிறான்.

துரை பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். இங்கிலீசில் என்னமோ கேட்டார். அவர் கேட்டது என்னவென்று என் மகன் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. சாகுல் தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னான். வெயிலில் நிறம் மாறியிருக்கலாம் என்று சொன்னானாம், பொறவு தெரிந்தது. துரை குழலைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். பத்து வருசம் உழைத்த பிள்ளையைப் பொய்யனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

அந்நிய ஆம்பளை காது கேட்க இந்த நாட்டில் நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். திரைக்குள்ளே இருந்துதான்.

"சாகுலு, அவருகிட்டச் சொல்லு. அவரு எறும்பு மவுத்தாயிருச்சு. உனக்கு ஒண்ணும் தெரியாது. பட்டினியாக் கிடக்கே பாவம்னு நான்தான் பிள்ளைபெத்த மருந்து கொடுத்தேன். எண்ணெயில மூச்சு முட்டிப் போச்சு. ரம்புத்தான் மரத்தடியில இருக்கு. இது நானும் சைனம்புவும் மழையில பிடிச்சது. இதுக்கு ஒண்ணும் கொடுக்கலை. எட்டியும் பாக்கலை. குத்தம் என்னோடது, உன்னோடது இல்லை."

ஒரு உலை கொதிக்கிற நேரம் பேசியிருப்பேன். சாகுல் திரையைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றான். பொறவு அதை இங்கிலீசில் நாலே வார்த்தையில் முடித்தான். என்ன மொழியோ அது.

துரை மறுபடி கண்ணாடியை எடுத்து எண்ணினார். ஏழு பொடி எறும்பு. அந்த மருந்தில் என்னென்ன சேரும் என்று கேட்டார். நான் உள்ளேயிருந்து சொல்லச் சொல்லச் சாகுல் சொன்னான், துரை நோட்டில் எழுதினார். திப்பிலி வரும்போது எழுதுகிறதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சைனம்பு திரை இடுக்கில் பார்த்துவிட்டு, "சிரிக்காரு மாமி" என்றாள்.

சிரித்து முடித்து அவர் சொன்னதைச் சாகுல் சொன்னான். துரை பிடித்து வைத்த ராணிகள் எல்லாம் ஒண்ணுவிடாமல் செத்துத்தான் போகுமாம். அவரால் பார்க்காமல் இருக்க முடியாதாம். தினம் திறந்து பார்த்துவிடுவாராம். அதனால் இந்தக் குழலும் இங்கேயே இருக்கட்டும், இன்னும் ஆறு குழல் அனுப்புகிறேன், அம்மா பார்த்துக்கொள்ளட்டும், ஊருக்குப் போகிறதை அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

எறும்பு செத்தாலும் போகக் கூடாது, பிழைத்தாலும் போகக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

"சாகுலு, அவருகிட்டச் சொல்லு. எனக்கு ஊருல ஒரு சண்டை பாதியில கிடக்கு. தங்கச்சிக்குக் கண்ணு மூடிட்டு வருது. அடுத்த வருசம் போனா இருட்டுலதான் சண்டை போடணும்."

சாகுல் தயங்கினான். "அப்படியே சொல்லுலே" என்றேன். சொன்னான்.

துரை யோசித்துக்கொண்டு நிற்கும்போதே சைனம்பு திரையை விலக்கிவிட்டு வெளியே போய்விட்டாள். மலாயில் படபடவென்று பேசினாள். துரைக்கு மலாய் நன்றாகப் புரியும். எறும்பை நான் பார்த்துக்கொள்ளுகிறேன், எல்லாம் எனக்குத் தெரியும், மாமி போய்ச் சண்டை போட்டுவிட்டு வரட்டும் என்றாளாம். நம்ம ஊர் வெயிலிலிருந்து தப்பிக்கவும் ஆச்சு, எனக்கு வழி விடவும் ஆச்சு.

துரை லீவுக் கடுதாசியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். என் தையல் பலகையில் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். குடும்ப காரியம் என்று இருந்த இடத்தை ஒரு கோடு கிழித்துத் தன் கையாலேயே வேறே எழுதினார். என்ன எழுதினார் என்று பொறவு சாகுலைக் கேட்டேன்.

"அவசரச் சண்டைன்னு போட்டிருக்காரும்மா."

8

கப்பல் மார்கழிக் கடைசியில் புறப்படுகிறது, இந்தக் கடுதாசி எனக்கு முந்தி வந்துவிடும். நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலேறி, விருதுபட்டியில் வண்டி பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வந்து சேருவோம்.

நேற்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பிச்சபோது சைனம்பு சண்டையின் முழுக் கதையையும் கேட்டாள். வண்டி, வாசல், கண்மாய்த் திருப்பம், கோழி எல்லாம் சொன்னேன். அவள் சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மாமி, வண்டியில திரை போட்டிருந்துதா?"

"போடாம? நம்ம பொம்பளைய வண்டியில திரை இல்லாமலா?"

"அப்ப நீங்க எப்படிப் பாத்தீய?"

"ஓரத்துல ஒரு விரக்கடை இடுக்கு இருந்துச்சு. அது வழியாத்தான்."

"நீங்க பாத்தது அவியளுக்கு எப்படி மாமி தெரியும்?"

மடித்த சேலை என் கையில் அப்படியே இருந்தது. இருபத்திரண்டு வருசத்தில் எத்தனையோ கடுதாசி போயிருக்கும். அந்தத் திரையை நானும் எழுதினதில்லை, அவளும் எழுதினதில்லை. அவள் பார்த்ததெல்லாம் அசையாத ஒரு துணி. விரக்கடை இடுக்கில் எனக்கும் எம்புட்டுத் தெரிந்திருக்கும்? ஒரு கோழியும் ஒரு சேலை முந்தியும் தெரிந்தது. கோழிக்குப் பின்னால் ஓடினவள் திரும்ப வந்து வாசலில் நின்றாளா, எம்புட்டு நேரம் நின்றாள், அதெல்லாம் இடுக்குக்கு வெளியே.

சைனம்பு எறும்புக்குச் சீனித் தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

இதைப் படிக்கிற ராஜபாளையத்துப் பெண்டுகளில் யாராவது கதீசா வீட்டுக்குப் போய் இதை வாசித்துச் சொல்லுங்க. வாத்தியார் வேண்டாம், அவர் மரியாதை சேர்த்துவிடுவார். சண்டை இன்னும் முடியவில்லை, நான் விட்டுக்கொடுக்கவும் இல்லை என்று முதலில் சொல்லிவிடுங்க. பொறவு இதைச் சொல்லுங்க. இந்தத் தடவை கண்மாய்த் திருப்பம் வந்ததும் வண்டித் திரையை மேலே தூக்கிக் கட்டிவிட்டுத்தான் வாரேன், ஊர் என்ன சொன்னாலும் சரி. அவள் மிச்சக் கண்ணோடு வாசலில் நிற்கணும்.

கோழிகளைக் கூடையில் போட்டு மூடச் சொல்லுங்க.